ஸ்கின் கலர் கையுறை

என் இடது கையில் பசை கொட்டியது ஒரு சித்திரை மாதத்துக் காலையில். வெடி எதுவும் வெடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. பட்டாசு ஊரான அச்சங்குளத்துப் பெண் ஒருத்தி கையில் கட்டோடு வந்து நின்றால், வெடியைத் தவிர வேறு எதையும் யாரும் நம்புவதில்லை.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ. பிளஸ் டூ முடித்துவிட்டு, பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டி ஒட்டும் ஷெட் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெடிமருந்து அந்தப் பக்கமே வராது. காகிதமும், மைதா மாவில் பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் போட்டுக் காய்ச்சிய பசையும்தான். அன்று பசை அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கும்போது பிடித்திருந்த துணி நழுவிவிட்டது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை கொதிக்கும் பசை அப்பிக்கொண்டது. வெந்நீராக இருந்தால் வழிந்து போயிருக்கும். பசை போகாது. வழித்து எடுத்தபோது தோலும் கூடவே வந்தது.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதியவர், "எந்தக் கம்பெனி?" என்றார்.

"கம்பெனியில இல்லைங்க. பசை கொட்டிருச்சு."

"பயப்படாம சொல்லும்மா. லைசென்ஸ் இல்லாத இடமா?"

அடுத்து ஊசி போட வந்தவர் கேட்டார். அதற்கடுத்து ஒரு போலீஸ்காரர் வந்து கேட்டார். வீட்டில் வைத்துத் திரி சுற்றினீர்களா, யாராவது மிரட்டினார்களா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கேட்டார்கள். என்னோடு வந்திருந்த மதினி, என் அண்ணன் மனைவி, பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பசைன்னா பசைதான் சார். என் சேலையில எம்புட்டு ஒட்டியிருக்கு, மோந்து பாருங்க" என்று முந்தானையை நீட்டினாள். அதன் பிறகுதான் எழுதிக்கொண்டார்கள். எழுதும்போதும் அவர்கள் முகத்தில் நம்பிக்கை இல்லை.

புண் ஆற மூன்று மாதம் ஆனது. ஆறிய பிறகுதான் உண்மையான தொந்தரவு. புதுத் தோல் கயிறு கயிறாகத் தடித்து எழும்பியது. விரல்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டன. மதுரையில் விரல்களுக்குப் பயிற்சி கொடுத்த அம்மா, "இறுக்கமான உறை போட்டே ஆகணும். குளிக்கிற நேரம் போக நாள் முழுக்க. குறைஞ்சது ஒரு வருஷம். இல்லேன்னா விரல் மடங்கிப் போயிரும்" என்று பக்கத்திலேயே ஒரு கடையின் விலாசம் எழுதித் தந்தார்.

அந்தக் கடைக்காரர் நாடாவை வைத்து என் கையை இருபது இடத்தில் அளந்தார். வேறு ஊரில் தைத்து வரவேண்டும் என்றார். மூன்று வாரம் கழித்துப் போனபோது ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரித்து எடுத்து வைத்தார். ரோஸ் சர்பத்தில் பாலை அதிகமாக ஊற்றிவிட்டால் ஒரு நிறம் வருமே, அந்த நிறத்தில் ஒரு கை.

"இது என்ன கலருங்க?" என்றேன்.

"ஸ்கின் கலர்ம்மா. போட்டா வெளியவே தெரியாது. கையோட கையா ஒட்டிப்போயிரும்."

போட்டு விட்டார். இரண்டு கைகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வலது கை என் கை, புளியங்கொட்டை நிறம். இடது கை யாரோ வெள்ளைக்காரியிடமிருந்து கடன் வாங்கியது போல இருந்தது. கடைக்காரரும் பார்த்தார். பார்க்காதது போல ரசீது புத்தகத்தைத் திறந்தார்.

"பழகிரும்மா" என்றார்.

பையில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அளவு, இடது, ஸ்கின். அவ்வளவுதான். எவருடைய ஸ்கின் என்று போடவில்லை.

அன்றே ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் சந்தேகம் தொடங்கிவிட்டது. ஜன்னலோரம் மதினி, அடுத்து நான், எனக்கு அடுத்து ஒரு வயதான அம்மா. திருமங்கலம் தாண்டுவதற்குள் அந்த அம்மா மூன்று முறை என் கையைப் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்தார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தவர், வலது கையில் பை இருந்ததால் நான் நீட்டிய இடது கையில் கொடுக்காமல் மடியில் போட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மதினிக்கு விளங்கிவிட்டது.

"வெள்ளைக் குட்டம்னு நெனக்காக" என்று என் காதில் சொன்னாள்.

வெண்புள்ளி தொற்றாது என்பது இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது. ஒரு விஷயத்தை இங்கே ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னால், சாத்தூர் பஸ்ஸில் கையெல்லாம் வெள்ளை படர்ந்த ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தபோது, இடம் இருந்தும் நான் எழுந்து நின்றுகொண்டு வந்தேன். அந்தப் பெண் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளுக்குப் பழகியிருக்கும்.

பஸ் கள்ளிக்குடி தாண்டியதும் உறைக்குள் அரிப்புத் தாங்காமல் முழங்கையிலிருந்து அதைச் சுருட்டிக் கழற்றினேன். உள்ளே சிவந்தும் கறுத்தும் முறுக்கிக் கிடந்த தழும்பு வெளியே வந்தது. பார்த்தால் பயப்படும்படித்தான் இருக்கும். ஆனால் பக்கத்து அம்மாவின் முகம் சட்டென்று மாறியது.

"அட, வெந்த புண்ணா தாயி! மொதல்லயே சொல்லக்கூடாதா? நான் என்னமோன்னுல்ல நெனச்சேன்" என்று என் பக்கமாக நகர்ந்து வந்து நன்றாக உட்கார்ந்தார். எந்தக் கம்பெனி என்று கேட்டார். பசை என்றேன். அவரும் நம்பவில்லை. ஆனால் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதியை என்னிடம் கொடுத்தார்.

எங்கள் பக்கத்தில் தீக்காயம் யாருக்கும் புதிதில்லை. தெருவுக்கு இரண்டு பேருக்காவது இருக்கும். எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் தழும்பேறிய கை ஒன்று சோறு பரிமாறும். யாரும் இலையை இழுத்துக்கொள்வதில்லை. அந்தத் தழும்பை மறைக்க என்று செய்த உறைதான் என்னை விட்டு ஆட்களை விலக்கியது.

ஷெட்டுக்குத் திரும்பியபோது இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. முதல் நாள் எல்லோரும் நலம் விசாரித்தார்கள். இரண்டாம் நாள், நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் காகிதக் கட்டு அடுக்கி வைத்திருந்தது. மூன்றாம் நாள், தண்ணீர்ப் பானைமேல் எப்போதும் கிடக்கும் ஒரே செம்போடு இன்னொரு செம்பும் வந்து உட்கார்ந்திருந்தது. யார் கொண்டுவந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. நான் எந்தச் செம்பை எடுக்கிறேன் என்று மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது.

ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒனக்கு வெந்த புண்ணுதானே? வேற ஒண்ணுமில்லையே?" என்றார்.

"நீங்கதானக்கா அன்னைக்கு என் கையில தண்ணி ஊத்துனீக."

"ஊத்துனேன்தான். இல்லேங்கல. ஆனா மருந்து மாத்தி ஏதும் குடுத்திருவானுகளோன்னு பிள்ளைக பேசுதுக. வெள்ளையாகுறதுக்கு ஊசி இருக்காமே."

கண்ணால் பார்த்தவருக்கே சந்தேகம் வந்துவிட்டால் மற்றவர்களைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. அன்றிலிருந்து ஒரு காரியம் செய்தேன். வீட்டை விட்டு இறங்கும்போது உறையைக் கழற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொள்வேன். சாயங்காலம் வந்து போட்டுக்கொள்வேன். செம்பு ஒன்றானது. காகிதக் கட்டு என் இடத்தை விட்டு நகர்ந்தது.

இரண்டு மாதம் கழித்து மதுரையில் பயிற்சி கொடுக்கும் அம்மா என் விரல்களை நீவிப் பார்த்துவிட்டுக் கையை விட்டார்.

"போடறதில்லை, அப்படித்தானே?"

"போடுறேங்க."

"பொய் சொல்லாதீங்க. சுண்டு விரல் உள்ள இழுத்துக்கிட்டு வருது. எனக்குத் தெரியாதா?"

அழுகை வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுதானேம்மா ஸ்கின் கலர்?" என்றார். கேட்டபடியே அதைத் தன் கைமேல் வைத்துப் பார்த்தார். அவர் என்னைவிட நாலைந்து பங்கு வெளுப்பு. அவர் கையிலும் அது ஒட்டவில்லை. இத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு அதை மாட்டிவிட்டிருப்பார்! அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தது போல இருந்தது.

"எப்படியாவது போடுங்க. கலர் உங்க பாடு. விரல் போச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. ஸ்கின் என்று எழுதியிருக்கிற பொருளையெல்லாம் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தேன். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர், முட்டிவலிக்குப் போடுகிற பெல்ட், எல்லாம் அதே சர்பத் நிறம். விருதுநகரில் ஒரு துணிக்கடையில் மதினி உள்பாடி வாங்கப் போனபோது விற்கிற பெண், "வெள்ளை ரவிக்கைக்கு ஸ்கின் கலர் எடுங்கக்கா, உள்ள போட்டிருக்கதே தெரியாது" என்று எடுத்துப் போட்டாள். மதினி அதைத் தன் கைமேல் விரித்தாள். பிறகு விற்கிற பெண்ணின் கைமேல் விரித்தாள். அவளும் எங்களைப் போலத்தான் இருந்தாள்.

"யாருக்குத் தெரியாது?" என்றாள் மதினி.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "தெரியும்தான்க்கா. ஆனா பேரு அதுதான்."

உறைக்குச் சாயம் போடும் யோசனை மதினியுடையது. முதலில் வீட்டிலேயே டீத்தூளைக் கொதிக்க வைத்து முக்கிப் பார்த்தோம். ஓர் இரவு ஊறவிட்டு எடுத்தால், விரல் பக்கம் மஞ்சள், மணிக்கட்டில் பழுப்பு, தையலோரம் அதே பழைய ரோஸ். மதினி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "போச்சு. இப்ப தேமலும் வந்திருச்சு" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

விருதுநகர் பஜாரில் சாயப்பவுடர் விற்கிற பாய் கடை ஒன்று இருந்தது. நூலுக்கும் பாய்க் கோரைக்கும் அங்கேதான் வாங்குவார்கள். நான் போய்ப் பவுடர் என்று வாயைத் திறந்ததுமே கடைக்காரர், வெள்ளைத் தாடி வைத்த பாய், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். பவுடர் என்றாலே எங்கள் பக்கத்தில் வெடிக்கோ என்று ஒரு கேள்வி உண்டு.

"என்னத்துக்கும்மா? யாருக்கு வாங்குறீக?"

"எனக்குத்தான் பாய். கைக்கு."

"கைக்கா?"

பையிலிருந்து உறையை எடுத்து வைத்தேன். கையையும் வைத்தேன். இந்தக் கை நிறத்துக்கு அந்த உறை வரவேண்டும் என்றேன். அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் ஆராய்ந்தார். ஏமாற்றுகிறேனோ, யாராவது சொல்லி அனுப்பினார்களோ என்று நினைத்திருக்க வேண்டும்.

"வெளுக்கிறதுக்கு வழி கேட்டு வருவாக. கறுக்கிறதுக்கு யாரும் கேட்டதில்லையே" என்றார்.

"நான் கேக்கேன்."

அவர் ஒரு நிற அட்டையை எடுத்து விரித்தார். நூறு சின்னச் சின்னத் துணித் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர். நான் முதலில் தேடியது ஸ்கின். இருந்தது. சர்பத் நிறம்தான். பாய் என் வலது கையைப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, வரிசையாக நகர்த்திக்கொண்டே போனார். என் நிறம் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் இருந்தது. அதன் பெயர் சாக்லேட். மிட்டாய்க்குப் பெயர் இருந்தது, மனுஷிக்கு இல்லை.

பாய்க்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவர் உறையின் விளிம்பிலிருந்து ஒரு நூலை உருவிப் பற்றவைத்து முகர்ந்து பார்த்தார். "நைலான். பருத்திச் சாயம் பிடிக்காது. இதுக்கு வேற பவுடரு. புளிப்பும் வேணும், வினிகர் ரெண்டு மூடி ஊத்துங்க. நல்லாக் கேட்டுக்கிடுங்க, கொதிக்க விடாதீக. உள்ள ரப்பர் இருக்கு. கொதிச்சா செத்துப்போகும்" என்றார். சாக்லேட்டில் இத்தனை, கறுப்பில் ஒரு சிட்டிகை, சிவப்பில் அதற்கும் குறைவு என்று மூன்று பொட்டலம் மடித்தார். "ஈரத்துல கருப்பாத் தெரியும். பயப்படாதீக. காயட்டும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொல்லைப்புறத்தில் போட்டோம். டீக்கறையின் திட்டுக்கள் முழுதாக மறையவில்லை. ஆனால் என் கையிலும்தான் திட்டு இருக்கிறது, வெயில் பட்ட இடம் ஒரு நிறம், படாத இடம் ஒரு நிறம். காய்ந்ததும் போட்டுக்கொண்டு அண்ணன் முன்னால் போய் நின்றேன். அவன் சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்ன?" என்றான். ஒன்றுமில்லை என்றேன். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஷெட்டில் மட்டும் ஒருத்தி கண்டுபிடித்தாள். "இது வேற கைதானே?" என்றாள். சாயம் போட்டதைச் சொன்னேன். அவள் உறையைத் தொட்டுப் பார்த்தாள், கிள்ளிப் பார்த்தாள், பிறகு மெதுவாக, "அந்தச் செம்பை நான்தான் கொண்டாந்தேன்" என்றாள். எனக்குச் சாத்தூர் பஸ் ஞாபகத்துக்கு வந்தது. "சரி விடு" என்று மட்டும் சொன்னேன்.

ஆறு மாதத்தில் உறை தொய்ந்துவிட்டது. சாயத்தால் சீக்கிரம் தொய்ந்ததா, அதன் ஆயுளே அவ்வளவுதானா தெரியாது. மதுரையில் உறை விற்ற கடைக்காரர் சாயத்தைத்தான் குற்றம் சொன்னார்.

"இப்படியெல்லாம் செஞ்சா நாங்க பொறுப்பில்லைம்மா."

"அப்ப நீங்களே பிரவுன் கலர்ல தைச்சுக் குடுங்க" என்றேன்.

"வராதும்மா. துணியே வெளிநாட்டுத் துணி. அவங்க கலர்லதான் வரும். கறுப்பு வேணா இருக்கு. இங்க யாரும் வேற கலர் கேக்கிறதில்லை."

மதினி அதுவரை சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உறை போட்ட கைகள், கால்கள், எல்லாம் வெள்ளை. திரும்பினாள்.

"சாத்தூர்லயும் சிவகாசிலயும் வெந்து போயி ஒங்க கடைக்கு வர்றதெல்லாம் வெள்ளைக்காரிகளா?"

கடைக்காரர் நாடாவை எடுத்தார். இன்னொரு ஸ்கின் உறைக்கு அளவெடுத்தார். ஆனால் நாங்கள் கிளம்பும்போது, அந்தச் சாயத்தை எங்கே வாங்கினீர்கள், உங்களுக்கு எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டு எழுதிக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் மேல் ஏதோ புகார் எழுதப் போகிறார் என்றே நினைத்தேன்.

அதனால்தான் ஒரு மாதம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று, "கைக்குச் சாயம் போட்ட பிள்ள வீடு இதானா?" என்று கேட்டபோது நான் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக, "என்ன சாயம்? யாரு சொன்னது?" என்றேன்.

ஐம்பது வயது இருக்கும். மல்லாங்கிணற்றிலிருந்து வருவதாகச் சொன்னார். அவரும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார். பிறகு வேட்டியை முழங்கால் வரை தூக்கினார். வலது காலில் பாதத்திலிருந்து தொடை நோக்கி அதே சர்பத் நிறம். கடலை அவிக்கிற அண்டா சாய்ந்துவிட்டதாம்.

"ஊருக்குள்ள ஒத்தக்கால் தொரைன்னு பேரு வச்சிட்டானுக தாயி" என்றார். "மதுரையில உறை விக்கிற கடையில சொன்னாக, இங்கன போய்க் கேளுன்னு."

கதவைத் திறந்தேன். மதினி அடுப்பை மூட்டினாள். அவருடைய மாற்று உறை ஒன்று பையில் இருந்தது. அவர் என்னைவிடக் கறுப்பு. கறுப்புப் பவுடரை இன்னும் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது. காயப் போட்ட உறையைப் பார்த்துக்கொண்டு மத்தியானம் வரை எங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஈரத்தில் கறுப்பாகத் தெரிந்தபோது கவலைப்பட்டார். காய்ந்ததும் காலில் மாட்டி, நடந்து பார்த்து, வெயிலில் நின்று பார்த்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். வரும்போது கணுக்கால் வரை தழையக் கட்டியிருந்தவர்.

மூன்றாவது உறைக்குப் போனபோது கடைக்காரர் எங்களைக் கண்டதும் தானாகவே ஒரு டப்பாவைத் திறந்தார். இரண்டு துணித் துண்டுகளை மேசைமேல் வைத்தார். புதிதாக வந்திருக்கிறது, உங்களைப் போலச் சிலர் கேட்டதால் எழுதிப் போட்டேன் என்றார்.

"இது ஸ்கின். இது பிரவுன்."

இரண்டாவது துண்டை எடுத்து வலது கைமேல் வைத்தேன். முழுதாகப் பொருந்தியது என்று சொல்ல முடியாது. ஆனால் பஸ்ஸில் யாரும் மூன்று முறை பார்க்க மாட்டார்கள்.

"இதுவும் ஸ்கின்தானே?" என்றேன்.

"ஆமாம்மா. ஆனா பேரு அப்படி வந்திருக்கு."

"சீட்டுல ஸ்கின்னு எழுதுங்க."

அவர் பேனாவை நிறுத்தினார். "அப்படி எழுதினா வெள்ளைதாம்மா தைச்சு அனுப்புவாங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எனக்கும் அது தெரிந்தது. மதினி என் முகத்தைப் பார்த்தாள். விரல்கள் அப்போதுதான் நேராகத் தொடங்கியிருந்தன. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு இன்னொரு மாதம் உறை இல்லாமல் இருக்க முடியாது.

"சரி, பிரவுன்னே எழுதுங்க" என்றேன்.

சரியாக வந்தது. ஏழு மாதம் போட்டேன். சுண்டு விரல் மட்டும் முழுதாக நிமிரவில்லை.